பச்சை உடம்பும் தாயின் மனமும்

கெடில நதிக்கரையில் அமைந்த திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் தோன்றிய தலம் என்பதைத் தமிழகம் நன்கறியும். அவருடைய அன்னையாராகிய இசைஞானியாரும் அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராக வைத்துப் போற்றப்படுகிறார். அவ்வறுபத்து மூவரில் பெண்கள் மூவரே. அவர்களுள் ஒருவர், தாயாக இருந்த பேற்றினாலேயே அந்த வரிசையில் இடம்பெற்றார் என்பது நமது ஊர் மக்கள் பெருமையோடு கூறும் செய்தி.

தாய்மையை இவ்வாறு உயர்த்திப் பேசும் நாட்டுப்புறத்தில், மகவு ஈன்ற தாய்க்கு என்ன நேர்கிறது என்பதை நாம் எந்த அளவுக்குக் கவனிக்கிறோம்? இக்கட்டுரையில் இதுவே நாம் ஆராய விரும்பும் பொருள். பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று கூறும் நல்ல வழக்கம் நம் மக்களிடையே உண்டு. அவள் உடம்பு இன்னும் ஆறாத புண் போன்றது, காற்றும் குளிரும் கடுவேலையும் அதற்கு ஆகா என்பது அச்சொல்லின் கருத்து. அந்தப் புண் எங்கே உள்ளது, எத்தனை நாளில் ஆறும், ஆறாவிட்டால் என் செய்வது என்று நாம் கேட்பதில்லை. உடம்பைப் போலவே மனமும் பச்சையாக இருக்கக்கூடும் என்பதையோ நாம் எண்ணுவதே இல்லை.

உயிர் காத்தோம், அது போதுமா?

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திண்டிவனத்தில் 1890களில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை மூத்தோர் பலர் கேள்விப்பட்டிருப்பர். அமெரிக்க மருத்துவர் ஒருவரின் இளம் மகளான ஐடா ஸ்கடர் என்பார் தம் தந்தையார் இல்லத்தில் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, தத்தம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகக் கூறி அவருடைய உதவியை வேண்டினர். அவரோ மருத்துவம் பயின்றவரல்லர். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையாரை அழைத்துச் செல்ல மூவருள் எவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அதனால் மனம் கலங்கிய ஐடா ஸ்கடர் தாய்நாடு சென்று மருத்துவம் பயின்று 1899ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்; 1900ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பி வேலூரில் பணி தொடங்கினார். இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவர் இட்ட வித்திலிருந்து முளைத்ததாகும்.

அந்த இரவிலிருந்து நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. ஏறத்தாழ நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன் அறுவையால் நிகழ்பவை. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான கணக்கின்படி, ஓரிலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் மாண்டபோது தமிழ்நாட்டில் அத்தொகை 54ஆக இருந்தது. இவை யாவும் நாம் பெருமைப்படத்தக்க சாதனைகளே.

எனினும் இக்கணக்குகள் இறந்தோரை எண்ணுபவை. பிழைத்து வீடு திரும்பிய தாய், குறையோடு திரும்பினாளா, குறையின்றித் திரும்பினாளா என்பதை அவை கூறுவதில்லை. மகப்பேற்றின் விளைவாக நெடுநாள் நீடிக்கும் உடற்குறையை ஆண்டுதோறும் உலகில் குறைந்தது 4 கோடிப் பெண்களாவது அடைகின்றனர் என்று 2023ஆம் ஆண்டின் இறுதியில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வரிசையில் வெளியான ஆய்வு கூறியது. உறவின்போது வலி நூற்றுக்கு 35 பேருக்கும், இடுப்பு முதுகு வலி 32 பேருக்கும், மலம் அல்லது வாயுவை அடக்க இயலாமை 19 பேருக்கும் உள்ளதாக அவ்வாய்வு காட்டுகிறது. இவை பெரும்பாலும் பெண்கள் வாய்விட்டுக் கூறாத குறைகள்.

நாம் கண்ட ஒரு குடும்பம்

ஒரு சமயம் குடிநீர்த் தொட்டிப் பணியைப் பார்வையிட நமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அவ்வூர் மகளிர் குழுவின் கணக்கைச் செம்மையாக எழுதிவந்த இளம்பெண் ஒருவர் சில மாதங்களாகக் கூட்டத்திற்கு வருவதில்லை என்று அறிந்து, காரணம் வினவினோம். “பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகிறது ஐயா. எந்நேரமும் மூலையிலேயே கிடக்கிறாள். உலகத்தில் பிள்ளை பெற்றவள் இவள் ஒருத்திதானா?” என்றார் மாமியார். கணவரோ, மனைவிக்குத் தம்மீது ஏதோ மனக்கசப்பு என்று எண்ணி, பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். பேய்க்கோளாறு என்று கருதி வேப்பிலை அடித்ததும் உண்டு.

நம்முடன் வந்திருந்த கிராம சுகாதார செவிலியர் உள்ளே சென்று அப்பெண்ணிடம் அரைமணி நேரம் தனித்துப் பேசினார். அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. பிரசவத்தின்போது ஏற்பட்ட ஆழ்ந்த கிழிதல் சரிவர ஆறவில்லை. வாயுவையும் சில வேளைகளில் மலத்தையும் அடக்க அவரால் இயலவில்லை. துணியில் கறைபடுமோ, நாற்றம் வீசுமோ என்ற அச்சத்தால் எவர் வீட்டுக்கும் செல்வதில்லை. அதிகம் உண்டால் தொல்லை என்று உணவையும் குறைத்துவிட்டார். இரவில் உறக்கமில்லை. குழந்தை அழும்போது எழுந்து எடுக்கவும் மனம் வருவதில்லை. ‘நான் இல்லாமற்போனால் எல்லோருக்கும் நிம்மதி’ என்ற எண்ணமும் சில நாட்களாக வந்துகொண்டிருந்ததாம்.

செவிலியரின் முயற்சியால் அப்பெண் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கிழிந்த தசை அறுவையால் சீர்செய்யப்பட்டது; உடற்பயிற்சியும் மன ஆலோசனையும் அளிக்கப்பட்டன. ஓராண்டுக்குள் அவர் மீண்டும் குழுவின் கணக்கேட்டைக் கையிலெடுத்தார். “முன்பே ஏன் சொல்லவில்லை?” என்று செவிலியர் கேட்டதற்கு, “யாரும் கேட்கவில்லையே அம்மா” என்று அவர் கூறிய விடையே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டிற்று.

உடலுக்கு நேரும் காயங்கள்

மகப்பேற்றின்போது நேரக்கூடிய காயங்களுள் முக்கியமானவற்றை இங்குக் குறிப்பிடுவோம். இவற்றைப் பெயர் சொல்லிப் பேசக் கூச்சப்படுவதால்தான் இவை நோயாக முற்றுகின்றன. ஆகவே, ஆண்களாகிய உறுப்பினர்களும் இவற்றை அறிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, கிழிதல். பிறப்பு வழிக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி, குழந்தையின் தலை வெளிவரும்போது விரிந்து கொடுக்கிறது. தலைப்பிரசவத்தில் பெரும்பாலோருக்கு அங்குச் சிறிதளவேனும் கிழிதல் உண்டாகும். மருத்துவர்கள் இதனை நான்கு படிகளாகப் பிரிக்கின்றனர். தோல் மட்டும் கிழிவது முதற்படி. தசையும் கிழிவது இரண்டாம் படி. இவ்விரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். மலவாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத் தசை கிழிவது மூன்றாம் படி. அதையும் கடந்து மலக்குடலின் உட்சுவர் வரை கிழிவது நான்காம் படி. இவ்விரண்டையும் பிரசவம் முடிந்தவுடனே பயிற்சி பெற்ற மருத்துவர் கண்டறிந்து தைக்கவேண்டும். தவறினால், நாம் மேலே கூறிய பெண்ணின் நிலை உண்டாகும். பிரசவத்தை எளிதாக்குவதற்காகக் கத்திரியால் வெட்டிவிடும் முறையை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யக்கூடாது என்றும், குழந்தையை வெளித்தள்ளுவதற்காக வயிற்றின் மேற்புறத்தை அழுத்தக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன.

இரண்டாவது, அடி தள்ளுதல், அதாவது கருப்பை இறக்கம். இடுப்பின் அடித்தளத்திலுள்ள தசைகள் பிரசவத்தால் தளர்ந்திருக்கும் வேளையில் நீர்க்குடம், விறகுக்கட்டு, நெல்மூட்டை முதலியவற்றைத் தூக்கினால், கருப்பை மெல்ல மெல்லக் கீழிறங்கும். அடிவயிறு கனப்பது, ஏதோ வெளியே வருவது போன்ற உணர்வு, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது ஆகியவை இதன் அறிகுறிகள். செங்கற்பட்டுப் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, இக்குறையைப் பல்லாண்டுகள் சுமந்துகொண்டே வயல்வேலை செய்துவந்த பெண்களின் நிலையை எடுத்துக்காட்டியது.

இவ்விடத்தில் விவசாயப் பெருமக்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். கன்று ஈன்ற பசுவுக்கு அடி தள்ளினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பொழுது விடியட்டும் என்றுகூடக் காத்திருப்பதில்லை. அந்த இரவிலேயே கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறீர்கள். நஞ்சுக்கொடி விழுந்ததா, மடி வீங்கியதா, தீனி எடுத்ததா என்று நாள்தோறும் பார்க்கிறீர்கள். அதே வீட்டில் அதே குறையோடு பத்தாண்டுகளாக நாற்று நடும் பெண் இருக்கக்கூடும். பசு வாய்பேசாத உயிராதலால் நாம் அதனை உற்றுப் பார்க்கிறோம். பெண் வாய் பேசுபவளாதலால் சொல்லட்டும் என்று இருந்துவிடுகிறோம். அவளோ வெட்கத்தால் சொல்வதில்லை.

மூன்றாவது, துளை விழுதல். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி, பிரசவம் ஒரு நாளுக்கு மேலும் நீடித்தால், மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையிலுள்ள சதை நசுங்கி இரத்த ஓட்டமின்றி அழியும். சில நாட்களில் அங்கே துளை உண்டாகி, சிறுநீர் ஓயாமல் ஒழுகும். உரிய நேரத்தில் அறுவை செய்து பிள்ளையை எடுக்கும் வசதி உள்ள இடங்களில் இக்குறை மிக அரிதாகிவிட்டது. எத்தியோப்பிய நாட்டின் அடிஸ் அபாபா நகரில் காதரின் ஹேம்லின் என்ற மருத்துவப் பெருமாட்டி, தம் கணவருடன் சேர்ந்து 1974ஆம் ஆண்டு இத்தகைய பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். கணவனாலும் ஊராலும் ஒதுக்கப்பட்டு அங்கு வந்த பல்லாயிரம் பெண்கள் அறுவையால் குணமடைந்து ஊர் திரும்பினர். ஐக்கிய நாடுகள் சபை மே மாதம் 23ஆம் நாளை இந்நோய் ஒழிப்பு நாளாக அறிவித்துள்ளது.

இவற்றோடு, சிசேரியன் புண்ணில் சீழ் பிடித்தல், பால் கட்டி மார்பு வீங்குதல், இரத்தப்போக்கினால் உண்டாகும் சோகை முதலியவையும் உண்டு. சிசேரியன் என்பது வயிற்றையும் கருப்பையையும் திறந்து மூடும் பெரிய அறுவை என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. ‘வலியில்லாமல் பெற்றவள்’ என்று அத்தாயை ஏளனம் செய்வது அறியாமையாகும்.

மனத்திற்கு நேரும் நோய்

மகப்பேற்றுக்குப்பின் மனத்தில் தோன்றும் மாறுதல்களை மூவகையாகப் பிரித்தறியலாம்.

பிரசவமான மூன்றாம் நாள் முதல், காரணமின்றி அழுகை வருதல், எளிதில் எரிச்சலடைதல் ஆகியவை பல தாய்மார்களிடம் காணப்படுகின்றன. உடலில் சுரக்கும் நீர்கள் திடீரெனக் குறைவதும் உறக்கமின்மையும் இதற்குக் காரணங்கள். அன்பான சொல்லும் ஓய்வும் கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் இது தானே மறையும்.

இரண்டு வாரங்களைக் கடந்தும் வாட்டம் நீங்காமல், உணவிலும் உறக்கத்திலும் குழந்தையிடத்திலும் பற்றின்றிப் போவது, தன்னைப் பயனற்றவளாகக் கருதுவது, எந்நேரமும் அஞ்சுவது ஆகியவை மகப்பேற்றுப் பின் மனச்சோர்வு என்ற நோயின் அடையாளங்கள். இந்தியாவில் செய்யப்பட்ட 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 22 தாய்மார்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

மூன்றாவது வகை மிக அரியது. ஆயிரம் தாய்மார்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. பிரசவமான சில நாட்களில் திடீரென உறக்கமே இன்றிப் பிதற்றுதல், இல்லாத குரல்கள் கேட்டல், குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். இதனைப் பேய் பிடித்தல் என்று கருதிக் காலம் போக்கினால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிலையத்தில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒருங்கே வைத்துச் சிகிச்சை அளிக்கும் பிரிவு 2009ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

மனச்சோர்வு நகரத்துப் பெண்களின் நோய் என்று சிலர் கருதுகின்றனர். வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் நடத்திய ஆய்வு இக்கருத்தை மறுக்கிறது. 2002ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், 359 பெண்கள் கருவுற்ற கடைசி மாதங்களிலும், பிரசவத்திற்குப்பின் 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் நேரில் கண்டு வினவப்பட்டனர். பிரசவத்திற்குப்பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் நூற்றுக்கு 11 பேர். மேலை நாடுகளில் காணப்படும் அளவே நம் கிராமங்களிலும் காணப்பட்டது. காரணங்கள்தாம் வேறுபட்டன. குறைந்த வருவாய், ஆண்மகவை எதிர்பார்த்த இடத்தில் பெண்மகவு பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் மனத்தாங்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்ச்சிகள், வீட்டு வேலைக்கு உதவி இல்லாமை ஆகியவையே அவை.

இப்பட்டியலைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். இவற்றுள் மருந்துக்கடையில் தீர்வு உள்ளது எதுவுமில்லை. யாவும் வீட்டிலும் தெருவிலும் தோன்றுபவை. ஆகவே வீட்டாரும் ஊராரும் மனம் வைத்தால் இவற்றுள் பலவற்றைக் குறைக்க முடியும்.

ஒன்றையொன்று வளர்க்கும் துன்பம்

உடற்காயமும் மனச்சோர்வும் தனித்தனியே வருபவையல்ல. வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டால் மனம் தளர்கிறது. மனம் தளர்ந்தவள் உண்பதும் இல்லை, மருத்துவரை நாடுவதும் இல்லை. அதனால் புண் ஆறுவதில்லை. சிறுநீரோ மலமோ கசியும் குறை இருந்தால், அவள் கோயிலுக்கும் திருமணத்திற்கும் செல்வதை நிறுத்திவிடுகிறாள். கணவனுடன் சேர அஞ்சுகிறாள்; அவன் காரணம் அறியாமல் விலகுகிறான். இவ்வாறு ஒரு சிறு கிழிதல் ஒரு குடும்பத்தையே குலைக்கக்கூடும். பிரசவத்தின்போது உயிருக்குப் போராடிய பெண்களுக்கு அந்நினைவே மீண்டும் மீண்டும் எழுந்து அச்சுறுத்துவதும் உண்டு.

துன்பம் முற்றினால் முடிவு எத்தகையதாகும் என்பதற்கும் சான்றுண்டு. அண்டை மாநிலமான கேரளத்தில் தாய்மார் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துவரும் மருத்துவர்கள், இரத்தப்போக்கு முதலிய காரணங்கள் குறைந்துவரும் வேளையில், தற்கொலை ஒரு முக்கியக் காரணமாக எழுந்துள்ளது என்று எச்சரித்துள்ளனர். தாய் சேய் நலத்தில் முன்னேறிய மாநிலங்களுக்கெல்லாம் இது ஓர் அறிவிப்பாகும்.

வீட்டார் செய்யவேண்டியவை

பேறுகால மருந்து, பத்தியம், வெந்நீர்க் குளியல் என்று நம் முன்னோர் வகுத்த முறைகளின் நோக்கம் தாய்க்கு ஓய்வளிப்பதே. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்பும் வழக்கமும் நன்றே. எனினும் சில பழக்கங்களை நாம் விட்டொழிக்க வேண்டும்.

தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று கூறித் தாய்க்கு நீரைக் குறைப்பது தவறு. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தம்ளர் நீராகாரம் தேவை. நீர் குறைந்தால் மலம் இறுகும்; மலம் இறுகினால் தையல் பிரியும். கீரை, பருப்பு, முட்டை, பழம், கேழ்வரகு ஆகியவற்றை விலக்காமல் அளிக்கவேண்டும். காயத்தில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ இடாமல், தூய நீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி உலர்த்துவதே போதும். துணியை நான்கு ஆறு மணிக்கு ஒருமுறை மாற்றி, வெயிலில் உலர்த்திய துணியையே பயன்படுத்தவேண்டும்.

ஆறு வாரங்கள் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தாய் தூக்கலாகாது. தளர்ந்த தசைகள் மீண்டும் வலுப்பெற எளிய பயிற்சி ஒன்று உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, பின் தளர்த்தவேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறையாக, நாளைக்கு மூன்று வேளை செய்யலாம். கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948ஆம் ஆண்டு விளக்கிய இப்பயிற்சிக்குச் செலவு எதுவும் இல்லை. அடி தள்ளுதல் தொடங்கிய நிலையில் இப்பயிற்சியும், மருத்துவர் பொருத்தும் வளையமும் பலருக்கு உதவும். முற்றிய நிலையில் அறுவை உண்டு.

இரவில் ஒருமுறையேனும் தாய் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்குமாறு, குழந்தையைப் பிறர் ஏந்திக்கொள்ளவேண்டும். இதனைக் கணவரும் செய்யலாம். நீர் சுமப்பதும் மாட்டுக்குத் தீனி வைப்பதும் அந்த ஆறு வாரங்களுக்கு அவருடைய பொறுப்பாக இருக்கட்டும். புண் ஆறித் தாயே விரும்பும் வரை அவர் பொறுத்திருப்பது அன்பின் கடமை. பிறந்தது பெண்ணாயின், அதற்காகத் தாயின் காதுபட ஒரு சொல்லும் கூறாதிருப்பது மாமியாரின் பெருந்தன்மை. குழந்தையின் பாலினம் தந்தையின் விந்தணுவால் அமைவதேயன்றித் தாயால் அமைவதன்று என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு மணி நேரத்தில் துணி முழுதும் நனையும் இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவேண்டும். ‘சாகலாம் போலிருக்கிறது’ என்று தாய் கூறினால் அதையும் இவ்வரிசையிலேயே சேர்க்கவேண்டும். அவளைத் தனியே விடாமல், பூச்சிமருந்து முதலியவற்றைப் பூட்டிவைத்து, மருத்துவ உதவி நாடவேண்டும். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனையை எந்நேரமும் தொலைபேசியில் இலவசமாகப் பெறலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

மருத்துவம் பஞ்சாயத்தின் வேலையன்று என்று சில உறுப்பினர்கள் கருதலாம். மருந்து தருவது மருத்துவரின் வேலையே. ஆனால் கண்டறிந்து அனுப்புவதற்கு ஊரை அறிந்தவர்களே ஏற்றவர்கள்.

1. பிரசவமான தாயை முதல் 24 மணி நேரம் மருத்துவ நிலையத்தில் வைத்திருந்து, அதன்பின் 2-3ஆம் நாளிலும், இரண்டாம் வாரத்திற்குள்ளும், ஆறாம் வாரத்திலும் பார்க்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வகுத்துள்ளது. ஆறாம் வாரப் பரிசோதனை பெரும்பாலும் குழந்தையின் தடுப்பூசியோடு நின்றுவிடுகிறது. அன்று தாயையும் பரிசோதிக்கவேண்டும் என்று செவிலியரையும் வீட்டாரையும் உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

2. அன்று தாயிடம் தனியே ஐந்து கேள்விகள் கேட்கப்படவேண்டும்: வலி உள்ளதா? சிறுநீர், மலம், வாயு இவற்றை அடக்க முடிகிறதா? அடியில் ஏதேனும் இறங்குவதுபோல் உள்ளதா? உறக்கமும் பசியும் உண்டா? மனம் தளர்ந்து, வாழவேண்டாமென்ற எண்ணம் வருகிறதா? மனச்சோர்வை அளப்பதற்கென்று ஜான் காக்ஸ் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1987ஆம் ஆண்டு வகுத்த பத்துக் கேள்விகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. செவிலியர் அவற்றைப் பயன்படுத்தலாம்.

3. கிராம சுகாதாரக் குழுவின் கூட்டத்தில், அவ்வக்காலத்தில் பிரசவித்த தாய்மார்கள் அனைவரும் பார்க்கப்பட்டனரா என்பதை மட்டும் கேட்டறியவேண்டும். நோய் விவரத்தையும் பெயரையும் பொதுவில் பேசலாகாது. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெண்கள் வாய் திறப்பர்.

4. கழிப்பறையும் வீட்டருகே குடிநீர்க் குழாயும் இல்லாத வீட்டில் பிரசவம் நிகழவிருந்தால், அவ்வசதிக்கு முன்னுரிமை அளிக்கவேண்டும். புண் உள்ளவள் இருட்டும் வரை இயற்கைக் கடனை அடக்கிக்கொண்டிருப்பதும், குடம் சுமப்பதும் எவ்வளவு கேடு என்பதை மேலே கண்டோம்.

5. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ், ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, தகுதியுள்ள தாய்மார்களுக்கு வழங்கப்படுகிறது. அது தாயின் உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது. வட்டிக்கடன் தீர்ப்பதற்கன்று என்பதைக் குடும்பத்தாருக்கு எடுத்துரைக்கவேண்டும்.

6. மகளிர் குழுக்களில் ஏற்கெனவே பிள்ளை பெற்ற அனுபவமுள்ள ஒருவர், புதிய தாயை வாரம் ஒருமுறை கண்டு பேசிவரலாம். இது வீண் பேச்சன்று. பாகிஸ்தானத்துக் கிராமங்களில், சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சியளித்துத் தாய்மார்களின் வீட்டுக்கே சென்று உரையாடச் செய்தனர். 2008ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவின்படி, மனச்சோர்வுற்ற தாய்மார்களில் ஆறு மாதத்திற்குப் பின்னும் நோய் நீங்காதவர், இப்பயிற்சி பெற்றோர் சென்ற இடங்களில் நூற்றுக்கு 23 பேர். மற்ற இடங்களில் 53 பேர்.

மலைவாழ் தாய்மார்

நமது மாவட்டத்தின் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையைப் பற்றியும் ஒரு சொல். சாமையும் மரவள்ளியும் விளையும் அம்மலையில், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதே நெடும்பயணம். பிரசவ வலி கண்டபின் புறப்பட்டால், நேரம் கடந்து காயங்கள் மிகுதியாகும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில், கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கான காத்திருப்பு அறைகளைத் தமிழ்நாடு அரசு அமைத்துள்ளது. அதனைப் பயன்படுத்துமாறு மலைவாழ் மக்களிடம் பரிவோடு எடுத்துரைப்பது அப்பகுதி உறுப்பினர்களின் கடமையாகும். பிரசவத்திற்குப்பின் அத்தாய் மலையேறிவிட்டால், அவளைக் கண்டு நலம் விசாரிப்பவர் அங்குள்ள சுகாதாரப் பணியாளர் ஒருவரே. அவருக்கு ஊரார் துணை நிற்கவேண்டும். கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாகி, 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியும் பெற்றுள்ளமையால், முன்பு போல் பெரிய அறுவைகளுக்கு நெடுந்தொலைவு செல்லவேண்டிய நிலையும் குறைந்துள்ளது.

முடிவுரை

அறுவடைக்குப்பின் நிலத்தை அப்படியே விட்டுவிடும் உழவன் இல்லை. அடுத்த போகத்திற்கு முன் எருவிட்டு ஆறவைத்து அதன் வளத்தை மீட்பான். நிலத்திற்குச் செய்வதைத் தாய்க்குச் செய்ய நாம் மறக்கலாகாது.

பெரும் நிதியோ புதிய கட்டிடமோ இதற்குத் தேவையில்லை. உங்கள் வார்டில் இம்மாதம் பிள்ளை பெற்ற தாய் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். ஆறாம் வாரத்தில் அவள் பரிசோதிக்கப்பட்டாளா என்று செவிலியரைக் கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் மகளையும் மருமகளையும், “குழந்தை எப்படி இருக்கிறது?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “நீ எப்படி இருக்கிறாய், அம்மா?” என்றும் கேட்டு, விடை வரும் வரை காத்திருங்கள். ‘யாரும் கேட்கவில்லையே’ என்ற சொல் இனி நம் ஒன்றியத்தின் எந்த வீட்டிலும் ஒலிக்காதிருக்கச் செய்வோமாக.